விளையாடி முடித்தபின் வரும் வெறுமை



நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் என்று இலக்கியத்தின் பல கூறுகளையும் பற்றி இப்பகுதியில் உரையாடி வருகிறோம். இன்று நான் எடுத்துக்கொள்ளும் விடயம் உங்களில் சிலருக்கு வியப்பைத் தரலாம். சிலர் முகஞ்சுழிக்கவும் கூடும். கணினியில் விளையாடப்படும் வீடியோ விளையாட்டொன்றைப் பற்றியே பேசப்போகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அத்தகைய விளையாட்டொன்றை முடித்தபின் மனதிலே கவிகின்ற துயரத்தைப் பற்றி.

"இது இலக்கியமா?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை சொல்லுமுன், இலக்கிய உலகம் நன்கறிந்த ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறேன். உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பெருநூலாக எழுதிய எட்வேர்ட் கிப்பன், சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில், 1787ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆம் திகதி இரவு அதன் கடைசி வரிகளை எழுதி முடித்தார். பேனாவை வைத்துவிட்டு மரங்களின் கீழே உலாவினார். ஏரியில் நிலவு விழுந்துகொண்டிருந்தது. விடுதலை பெற்றது போன்ற மகிழ்ச்சி முதலில் வந்ததாகவும், சற்று நேரத்தில் நெடுநாள் நண்பன் ஒருவனிடம் நிரந்தரமாக விடைபெற்றது போன்ற சோகம் தம்மை ஆட்கொண்டதாகவும் அவர் தமது சுயசரிதையில் பதிந்துள்ளார்.

எழுதியவருக்கு வந்த சோகம் அது. வாசகருக்கும் இது வருவதுண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து முடிந்தபோது வாசகர்கள் கதையை விட்டுப் பிரிய மனமின்றித் தவித்தார்கள். பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு விடையாக ஆசிரியரே முடிவுரை ஒன்றை எழுத வேண்டியதாயிற்று. நமது நாட்டில், சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வானொலித் தொடராக ஒலித்த காலத்தை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. குரலாக மட்டுமே அறிந்த மனிதர்களுக்காக வீடுகளில் கண்ணீர் சிந்தப்பட்டது.

ஆகவே, கதை முடிந்தபின் வரும் வெறுமை புதியதன்று. இன்றைய தலைமுறையினருக்கு அது வேறொரு வாசல் வழியாகவும் வருகிறது. அந்த வாசலுக்குள் நானும் நுழைந்து பார்த்தேன். அந்த அனுபவத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

எனது மகள் மெல்பேர்னில் தொழில் செய்கிறாள். போகும்போது தன்னுடைய கணினியை வீட்டிலேயே விட்டுச் சென்றாள். ஓய்வு பெற்றபின் நான் அதில் கடிதம் எழுதுவதும் செய்தி வாசிப்பதுமாக இருந்தேன். ஒருநாள் தொலைபேசியில் அவள் சொன்னாள்: "அப்பா, நீங்கள் நாவல் நாவல் எண்டு சொல்லுறியள். அந்தக் கணினியில 'விற்சர்' எண்டு ஒண்டு கிடக்கு. அதையும் ஒருக்கா முடிச்சுப் பாருங்கோ. பிறகு கதைப்பம்."

சவால் போலவே எனக்குப் பட்டது. ஏற்றுக்கொண்டேன்.

'த விற்சர் 3: வைல்ட் ஹன்ற்' என்பது அந்த விளையாட்டின் முழுப் பெயர். போலந்தின் வார்சோ நகரைத் தளமாகக் கொண்ட 'சீடி புரொஜெக்ற் ரெட்' நிறுவனம் 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டது. 2007இலும் 2011இலும் வந்த இரு பாகங்களின் தொடர்ச்சி இது. ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023இல் அந்நிறுவனம் அறிவித்தது. இதன் மூலம் ஓர் இலக்கியப் படைப்பே. அந்திரே சப்கோவ்ஸ்கி என்ற போலந்து எழுத்தாளர் 1986இல் ஒரு சஞ்சிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை அனுப்பினார். அதற்கு மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. அந்த மூன்றாம் பரிசுக் கதையிலிருந்து சிறுகதைத் தொகுதிகள், நாவல்கள், விளையாட்டுகள், தொலைக்காட்சித் தொடர் என்று ஒரு பெரும் மரமே கிளைத்தது. 2011இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா போலந்துக்கு வந்தபோது, அந்நாட்டுப் பிரதமர் அவருக்களித்த அன்பளிப்புகளில் இவ்விளையாட்டின் இரண்டாம் பாகமும் ஒன்று. தமது நாட்டின் பண்பாட்டு விளைபொருளாகவே அவர்கள் இதனைக் கருதுகிறார்கள் என்பதற்கு இதுவே சான்று.

இத்தகையவற்றை ஆங்கிலத்தில் 'றோல் பிளேயிங்' விளையாட்டு என்பர். பாத்திரமேற்று ஆடுவது என்று நாம் சொல்லலாம். நாடகக்காரருக்கு இச்சொல் நன்கு விளங்கும். இங்கே நாம் ஏற்கும் பாத்திரத்தின் பெயர் கெரால்ற். கூலிக்குப் பேய் பூதங்களைக் கொல்லும் நரைமுடி வேட்டைக்காரன். அவன் மகளாகவே வளர்த்த பெண்ணின் பெயர் சிரி. தமிழில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குச் சிரிக்க வாய்த்த வேளைகள் குறைவு. கொடியவர்கள் அவளைத் துரத்துகிறார்கள். அவளைத் தேடிக் கண்டுபிடித்துக் காப்பதே கதையின் மூல ஓட்டம்.

எனது விரல்கள் வேகமானவை அல்ல. நல்ல காலமாக, கதையை மட்டும் அனுபவிக்க விரும்புவோருக்கென்று மிக இலகுவான ஒரு படி இதில் உண்டு. அதைத் தெரிவுசெய்து, மாலை ஆறரை முதல் எட்டரை வரை என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். ஏறத்தாழ மூன்று மாதங்கள் சென்றன. ஞாயிறுதோறும் மகளோடு பேசும்போது, "எங்க நிக்கிறியள்?" என்பாள். "வெலன் சதுப்பு நிலத்தில் நிற்கிறேன்" என்பேன். "ஸ்கெலிகே தீவுக்குக் கப்பல் ஏறிவிட்டேன்" என்பேன். முன்பெல்லாம் சாப்பாடு, காலநிலை, சளிக்காய்ச்சல் என்று ஐந்து நிமிடத்தில் முடியும் பேச்சு, இப்பொழுது முக்கால் மணி நேரம் நீண்டது.

பின்னர் ஒருநாள் கதை முடிந்தது. பெயர்ப் பட்டியல் திரையில் மேலேறிச் சென்றது. நான் விளக்கைப் போடாமல் இருந்தேன். மனைவி இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்கு மனமில்லை. மறுநாள் மாலை ஆறரைக்குப் பழக்கத்தில் கதிரையில் போய் இருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முடிந்தபிறகும் இவ்விளையாட்டின் உலகினுள் உலாவ முடியும். உலாவினேன். கதையில் உடன் வந்த முக்கியமானோரை அங்கே காணவில்லை. வழக்கமான வியாபாரிகள் மட்டும் வழக்கமான வசனங்களையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கலியாணம் முடிந்த வீட்டில், பந்தல் பிரிக்காமல் நிற்கும் மறுநாட் காலை போல இருந்தது.

இத்துயரம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று பின்னர் அறிந்தேன். உலகெங்கும் விளையாடுவோர் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். போலந்திலேயே உளவியலாளர்கள் இதனை அளப்பதற்கான கேள்விக்கொத்து ஒன்றை அண்மையில் உருவாக்கியுள்ளனர். அவர்கள் நான்கு கூறுகளை இனங்காண்கிறார்கள். முடிந்த விளையாட்டைப் பற்றிய எண்ணங்கள் ஓயாமல் வருவது ஒன்று. முடிவை ஏற்கச் சிரமப்படுவது இரண்டு. மீண்டும் முதலிலிருந்து ஆடவேண்டும் என்ற உந்துதல் மூன்று. வேறு நூலோ படமோ விளையாட்டோ சுவைக்காமற் போவது நான்கு. பாத்திரமேற்று ஆடும் வகை விளையாட்டுகளை ஆடுவோரிடமே இது கூடுதலாகத் தென்படுகிறதாம். எனக்கு நான்கும் இருந்தன என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

இது ஏன் நிகழ்கிறது? என் அனுபவத்தையும் வாசித்தறிந்தவற்றையும் கொண்டு சில காரணங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, கால அளவு. ஒரு திரைப்படம் மூன்று மணி நேரம். சராசரி நாவலொன்றை இரண்டு மூன்று நாளில் முடிக்கலாம். இவ்விளையாட்டின் மூலக் கதைக்கே ஐம்பது மணி நேரமளவு செல்லும். கிளைக்கதைகளையும் சேர்த்தால் நூறு மணி நேரத்தைத் தாண்டும். அவ்வளவு காலம் ஒரே ஊரில் நடமாடினால் அவ்வூர் நமக்குச் சொந்தமாகிவிடும். எந்தச் சந்தியில் திரும்பினால் கொல்லன் பட்டறை வரும் என்பது இன்றும் எனக்கு மனப்பாடம். முடிவு வரும்போது, கதையோடு சேர்ந்து நாளாந்த வழக்கமொன்றும் அறுந்து போகிறது.

இரண்டாவது, உறவு. 1956ஆம் ஆண்டில் டொனல்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோர் மீது நேயர்களுக்கு உண்டாகும் ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். எதிர்ப்புறத்தில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது. ஆயினும் நமக்கு அவர் தோழர். ஒலிவாங்கியின் முன்னே பல ஆண்டுகள் இருந்தவன் என்ற வகையில் இதன் உண்மையை நான் அறிவேன். தெருவிலே முன்பின் தெரியாதவர்கள் என் குரலைக் கேட்டுவிட்டு வீட்டுக் கதைகளைச் சொன்னதுண்டு. 2004இல் 'ஃபிரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் முடிந்தபோது, அதைப் பார்த்து வந்த மாணவர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. பாத்திரத்தோடு நெருக்கம் கூடியவர்களுக்கும் தனிமை உணர்வு மிகுந்தவர்களுக்கும் துயரமும் கூடுதலாக இருந்தது. எனினும், உண்மையான மனிதரைப் பிரியும் துயரத்திலும் அது குறைவானதே என்றும் அவ்வாய்வு கூறிற்று. இந்த இரண்டாவது முடிவையும் நாம் மறக்கக்கூடாது.

மூன்றாவது காரணமே இவ்வகை விளையாட்டை நாவலிலிருந்து வேறுபடுத்துவது. அது பொறுப்பு. நாவலில் ஒருவன் தவறு செய்தால், "அடப்பாவி" என்று நாம் அவனைக் கடிந்துகொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. வினைமுற்று தன்மை ஒருமைக்கு மாறிவிடுகிறது. விளையாடும் பிள்ளைகள் பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். "கெரால்ற் விழுந்தான்" என்று சொல்லமாட்டார்கள். "நான் விழுந்திட்டன்" என்பார்கள்.

உதாரணம் ஒன்று தருகிறேன். வெலன் பகுதியில் ஒரு பிரபு வருகிறான். குடித்துவிட்டு மனைவியை அடித்தவன். மனைவியும் மகளும் ஓடிவிட்டார்கள். அவர்களைத் தேடித் தரும்படி நம்மைக் கேட்கிறான். தேடிப் போகும் வழியில், மரமொன்றின் அடியிலே சிறைப்பட்ட ஆவி ஒன்று, தன்னை விடுவித்தால் அநாதைச் சிறுவர்களைக் காப்பதாகச் சொல்கிறது. விடுவித்தேன். சிறுவர்கள் தப்பினார்கள். ஆனால் அந்த ஆவி ஒரு கிராமத்தையே அழித்தது. பிரபுவின் மனைவி இறந்தாள். பிரபு தூக்கிட்டுக்கொண்டான். விடுவிக்காமற் கொன்றிருந்தால், சிறுவர்கள் மாண்டிருப்பார்கள். பிரபு திருந்தி மனைவியைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றிருப்பான். முழு நன்மையான தெரிவு அங்கே வைக்கப்படவில்லை. அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. இப்படியான ஒரு சிக்கலை ஒரு நாவல் தந்திருந்தால், அதை உயர்ந்த நாவல் என்று இதே பகுதியில் நான் பாராட்டியிருப்பேன்.

நான்காவது காரணத்துக்கு நமது தொல்காப்பியத்திடம் போகலாம். மெய்ப்பாட்டியல், அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைக் கூறுகிறது. இழவு என்பது உற்றாரையும் உடைமையையும் இழத்தல். அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துதல். விளையாட்டு முடிந்தபின் வரும் துயரத்தில் இழவு இருப்பது வெளிப்படை. அசைவும் அதில் உண்டு என்பது என் கருத்து. மூன்று மாதங்களாக நான் வாளேந்திய வீரன். அரசர் என்னை அழைத்து ஆலோசனை கேட்டார். செய்யவேண்டிய பணிகள் ஒழுங்காகப் பட்டியலிடப்பட்டிருந்தன. ஒன்றை முடித்தால் பலன் கைமேல் கிடைத்தது. பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்ததும் நான் மறுபடியும் ஓய்வூதியக்காரன். மின்சாரப் பட்டியலைக் கட்டவேண்டும். முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசவேண்டும். அந்த நிலைமாற்றத்தையும் சேர்த்துத்தான் மனம் அழுகிறது.

இனி, எனது கதையின் முடிவுக்கு வருகிறேன். இதைச் சொல்லலாமா விடலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் இவ்வுரைக்கு அர்த்தமில்லை.

நான் முடித்த கதையில் சிரி திரும்பி வரவில்லை. உலகைக் காக்கவென்று தனியே சென்றவள் சென்றவளே. கெரால்ற் ஒரு சதுப்பு நிலக் குடிசையில், சுற்றிவர விகார உருவங்கள் நெருங்கி வர, அப்படியே அமர்ந்துவிடுகிறான். அதுவே என் முடிவு.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பின்னர், "அப்பா, நீங்கள் அவளோட பனிக்கட்டி எறிஞ்சு விளையாடேல்லையோ?" என்று கேட்டாள்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். இவ்விளையாட்டில் சிரியின் கதிக்கு முக்கியமாக மூன்று முடிவுகள் உண்டு. ஒன்றில் அவள் சக்கரவர்த்தினியாகப் போகிறாள். ஒன்றில் தந்தையைப் போலவே வேட்டைக்காரியாகிறாள். மற்றது எனக்கு வாய்த்தது. அவள் மீள்வாளா மாட்டாளா என்பதைத் தீர்மானிப்பவை பெரிய யுத்தங்கள் அல்ல. இடையிடையே வரும் மிகச் சிறிய உரையாடல்கள். அவை முக்கியமானவை என்று விளையாட்டு நமக்குச் சொல்வதுமில்லை. வளர்த்த முதியவர் கொல்லப்பட்டதால் அவள் துவண்டிருக்கும்போது, ஆறுதல் சொல்லிக் குடிக்கக் கொடுக்கிறோமா, அல்லது வெளியே அழைத்துச் சென்று பனியுருண்டை எறிந்து விளையாடுகிறோமா? சூனியக்காரிகளின் சபைக்கு அவளைத் தனியே விடுகிறோமா, கூடவே போகிறோமா? ஆத்திரத்தில் அவள் பொருள்களை அடித்து நொறுக்கும்போது அடக்குகிறோமா, விடுகிறோமா? தனக்கு உதவி செய்து இறந்தவனின் புதைகுழியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும்போது அழைத்துச் செல்கிறோமா, நேரமில்லை என்கிறோமா?

நான் ஆறுதல் சொன்னேன். கூடவே போனேன். அடக்கினேன். நேரமில்லை என்றேன். ஒவ்வொன்றையும் அன்போடுதான் செய்தேன். அவளைக் காக்கிறேன் என்றே எண்ணினேன். தன் மீதே நம்பிக்கை இல்லாதவளாக அவள் கடைசிச் சோதனைக்குள் நுழைந்தாள்.

மகள் சிரித்தாள். "ஒவ்வொரு இடத்திலையும் நீங்கள் நீங்களாத்தான் இருந்திருக்கிறியள். என்ர முதலாவது நேர்முகப் பரீட்சைக்கும் வந்து, உள்ளுக்கும் வாறன் எண்டு நிண்டனீங்களே, ஞாபகமிருக்கோ?"

ஞாபகமிருந்தது. வாயிற்காவலர் என்னைத் தடுத்ததும், அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனதும் ஞாபகமிருந்தது. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியதுமில்லை.

அரிஸ்ரோட்டில் சொன்ன உணர்ச்சி வடிகாலைப் பற்றி இப்பகுதியில் பலமுறை பேசியிருக்கிறோம். அச்சமும் இரக்கமும் மேலெழுந்து, பின் தணிந்து, மனம் இலேசாவது துன்பியலின் பயன் என்பர். அது மேடையில் இன்னொருவன் வீழ்வதைப் பார்ப்பவனுக்கு நேர்வது. இங்கே வீழ்ந்தவனும் பார்த்தவனும் நானே. ஆகையால் வடிவதற்கு நாட்கள் பிடித்தன. கற்பனைப் பெண்ணுக்காக அழுததாக மனைவி நினைத்தாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய இடமொன்றில் சேமித்து வைத்த பதிவிலிருந்து மீண்டும் ஆடினேன். இம்முறை பனியுருண்டை எறிந்தேன். தனியே போகவிட்டேன். பொருள்களை உடைக்க விட்டேன். புதைகுழிக்கும் கூட்டிச் சென்றேன். சிரி திரும்பி வந்தாள். கெரால்ற் அவளுக்கு வாள் ஒன்றைப் பரிசளித்தான். ஆயினும், விடையை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதிய பரீட்சையில் கிடைத்த புள்ளி போலவே அது இருந்தது. முதல் முடிவுதான் என்னுடையது என்று இன்றும் எண்ணுகிறேன்.

இந்த 'மீண்டும் ஆடும்' ஆசையைப் பற்றியே சிந்திக்க வைக்கும் விளையாட்டொன்றும் உண்டு. 'அண்டர்ரேல்' என்பது அதன் பெயர். ரோபி ஃபொக்ஸ் என்ற அமெரிக்கர் பெரும்பாலும் தனியொருவராக ஆக்கி, அதே 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார். எவரையும் கொல்லாமல் ஆடி, அனைவருக்கும் நல்வாழ்வு கிட்டும் முடிவை அடைந்தபின், அதை மீண்டும் திறந்தால் அதன் பாத்திரமொன்று தோன்றி நம்மிடம் மன்றாடுகிறது. எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், முதலிலிருந்து தொடங்கி அதை அழித்துவிட வேண்டாம், அவர்களை வாழவிடு என்ற கருத்துப்பட அது பேசுகிறது. விடைபெறத் தெரிந்துகொள்வதும் சுவைஞனின் கடமை என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

'விற்சர்' ஆக்கியவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள் போலும். 2016இல் வந்த கடைசி இணைப்புக் கதையில் கெரால்றுக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் வீடும் கிடைக்கின்றன. இறுதி உரையாடலின் முடிவில், இனி ஓய்வு நமக்குத் தகும் என்ற பொருள்பட எதையோ சொல்லிவிட்டு, அவன் திரும்பித் திரைக்கு வெளியே இருக்கும் நம்மைப் பார்க்கிறான். அந்தப் பார்வை இரண்டு கணத்துக்கு மேல் நீளாது. நூறு மணி நேரம் கூட வந்ததை அவன் அறிந்திருந்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருபக்க உறவு என்று ஆய்வாளர் சொன்னார்களே, அதை இருபக்க உறவாக்குவது போன்ற பாவனை அது. பாவனைதான். எனினும் துயரம் பாதியாகக் குறைந்தது.

பெற்றோராகிய நேயர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் பிள்ளை ஒரு விளையாட்டை முடித்துவிட்டு இரண்டு மூன்று நாட்கள் சோர்ந்திருந்தால், "போயும் போயும் ஒரு விளையாட்டுக்கா?" என்று ஏளனம் செய்யாதீர்கள். தொல்காப்பியர் சொன்ன நான்கில் இளிவையும் அதனோடு கூட்டிவிடுவீர்கள். "என்ன கதை, யார் செத்தது?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல ஆறும். அடுத்ததை உடனே வாங்கிக் கொடுக்கவும் தேவையில்லை. நல்ல நாவலை முடித்தபின் சிறிது நாள் வேறெதையும் தொடாமல் இருப்போமே, அந்த அவகாசம் இதற்கும் வேண்டும். சப்கோவ்ஸ்கியின் கதைகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. விளையாட்டிலிருந்து நூலுக்குப் போகும் பாதையும் அங்கே இருக்கிறது. ஆனால் சோர்வு வாரக்கணக்கில் நீண்டு, உணவும் உறக்கமும் கெட்டால், அது விளையாட்டினால் மட்டும் வந்ததாக இராது. வைத்தியரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

"இது இலக்கியமா?" என்று தொடக்கத்தில் கேட்டோம். எல்லா விளையாட்டுகளையும் பற்றி அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். எல்லா நாவல்களையும் பற்றியும் சொல்லத் துணிய மாட்டேன். முடிந்தபின் நம்மை நாமே விசாரிக்க வைப்பது எதுவோ, அதற்கு இப்பகுதியில் இடமுண்டு என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

சென்ற ஞாயிறு மகள் அழைத்தாள். இப்போதுள்ள வேலையை விட்டுவிட்டுச் சிறிய ஊரொன்றில் வேறு வேலைக்குப் போக யோசிப்பதாகச் சொன்னாள். எனக்குச் சொல்ல ஏழெட்டு விடயங்கள் இருந்தன. ஒன்றையும் சொல்லாமல், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பின்னர், "ஹலோ, அப்பா... லைன் கட்டாயிட்டுதோ?" என்றாள்.

இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.